தள்ள எத்தனை பேருண்டு?

எங்கள் ஊரில் புதுசாக மீன்பிடி வள்ளம் செய்யச் சொல்கிறவன் பட்டறைக்குப் போனதும் முதலில் நீளத்தைச் சொல்வான். 28 அடி, 30 அடி என்று. அடுத்தது எஞ்சின். அப்புறம் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், என்ன பேர் எழுதுவது, என்ன பெயின்ட் அடிப்பது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் போனவன்தான். இப்போது யோசனை கேட்டு வருகிற பையன்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கரையில தள்ள எத்தனை பேருண்டு மக்கா?"

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீழமணக்குடிக்காரன். பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குக் கிழக்கே வீடு. பிறந்தது 1958. பதினாலு வயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் ஏறினேன், எங்களுக்கு அது வெறும் மரம். இத்தனை வருஷத்தில் மரமும் வள்ளமுமாக ஐந்து என் கையில் இருந்து போயிருக்கின்றன. ஆறாவதை 2024 தொடக்கத்தில் என் அளவுக்குச் சொல்லிச் செய்தேன். 18 அடி நீளம், 4 அடி 4 அங்குலம் அகலம். "என்ன பாட்டா, முருங்கைக்காய் மாதிரி இருக்கு" என்று கரையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதை எப்படிச் செய்தேன் என்றுதான் எழுதுகிறேன். அதே அளவில் நீங்கள் செய்ய வேண்டாம், உங்கள் கரைக்கு வேறு அளவு வரும்.

பழைய கணக்கை முதலில் எழுதுங்கள்

இதுவரை வைத்திருந்த வள்ளங்களில் எது எதனால் உங்களைப் படுத்தியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்திருந்தால் பட்டறை வாசலில் மறந்துபோகும். ஆசாரி சொல்வதெல்லாம் சரி என்று தோன்றும்.

என் தாளில் முதலில் அப்பாவின் மரம். நான்கு தடி, கயிற்றுக் கட்டு. தடி தண்ணீரைக் குடித்துக் குடித்து எடை ஏறும். கரையேறியதும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகச் சுமந்துபோய்க் காயப்போட வேண்டும். ஆனால் இரண்டே பேர் செய்துவிடலாம். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், மூழ்காது. குறை என்னவென்றால் எப்போதும் இடுப்புவரை ஈரம். ஐம்பது வயதுக்குள் அப்பாவுக்கு முட்டு இரண்டும் போய்விட்டது. 1981இல் என் கல்யாணத்தை ஒட்டி வாங்கிய இரண்டாவது மரத்துக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, 1987இல் வாங்கிய பிளைவுட் வள்ளம். 80களில் முட்டம் பக்கம் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பலகையில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் சட்டை தைப்பது மாதிரி தைத்து, மூட்டின்மேல் ஃபைபர் பட்டை ஒட்டுவார்கள். எங்கள் கண்ணுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. எடை குறைவு, உள்ளே ஈரமில்லை, துழவை (துடுப்பு) போட்டாலே ஓடும். 1990இல் அதில் எஞ்சின் மாட்டினேன். ஒன்பதாவது வருஷம் அமரத்துப் பலகை, அதாவது எஞ்சின் மாட்டும் பின்முனைப் பலகை, உளுத்துப்போனது. பலகையின் முகம் நன்றாகத்தான் இருந்தது. வெட்டு விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எஞ்சின் ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு 2004 வரை இழுத்தேன்.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி இங்கே எழுதவில்லை. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தையே தூக்கிப் போட்ட தண்ணீருக்கு ஒரு வள்ளம் எம்மாத்திரம்.

அதற்கப்புறம் தர்மத்துக்குக் கிடைத்த ஃபைபர் வள்ளம். கொடுத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் வள்ளத்தைச் சொல்லலாம். முதல் வருஷம் இரண்டு பேர் தள்ளினோம், நாலாவது வருஷம் நாலு பேருக்கும் அசையவில்லை. எங்களுக்கு வயசாகிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் எரிச்சலில் அணியத்துப் பெட்டியில் ஒரு துளை போட்டேன். டீ நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அடியில் வாளி வைத்தோம். மூன்று நாள் நிற்காமல் சொட்டி நாலு வாளி நிறைந்தது. மிதக்கட்டும் என்று உள்ளே அடைத்த ஃபோம் கடலைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது!

ஐந்தாவது, 2012இல் அண்ணன் மக்களோடு பங்குக்கு வாங்கிய 28 அடி ஃபைபர். நல்ல வள்ளம். சாளையும் நெத்திலியும் அள்ளிக் கொண்டுவந்தது. கரையேற்ற எட்டுப் பேர் வேண்டும். பையன்கள் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒவ்வொருத்தனாகக் குவைத், கத்தார் என்று போனதும் டிராக்டருக்குக் காசு கொடுத்து இழுத்தோம். மீன் இல்லாத நாளிலும் டிராக்டருக்குக் கொடுத்தாக வேண்டும். 2021இல் விற்றுவிட்டோம்.

தாளை மறுபடி படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சுனாமி கொண்டுபோனதைத் தவிர வேறெந்த வள்ளத்தையும் கடல் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. எல்லாவற்றுக்கும் வில்லங்கம் கரையில்தான் வந்தது.

இதை எனக்கு இன்னொரு முறை காட்டியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரர். என் மகள் பர்மிங்ஹாமில் நர்ஸ். 2019இல் போய் மூன்று மாதம் இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் கால்வாய். அதில் குச்சிமாதிரி நீளப் படகுகள், மேலே வீடு. பத்துப் படகு பார்த்தாலும் அகலம் ஒன்றேதான், 6 அடி 10 அங்குலம். நீளம் மட்டும் 30 அடியிலிருந்து 70 அடிவரை போகிறது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கால்வாயில் மேடு பள்ளத்துக்குப் படகை ஏற்றி இறக்கக் கதவு வைத்த தொட்டிகள் இருக்கின்றன, தொட்டியின் அகலம் 7 அடிதான் என்றார். 250 வருஷத்துக்கு முன்னால் கட்டிய தொட்டி. இன்றைக்கும் படகு அதற்கு அடங்கித்தான் செய்யப்படுகிறது. அவர் ஆயுசெல்லாம் படகு வாங்கி விற்றவர். கடைசியாக ஒன்றைத் தன் அளவுக்குச் செய்யச் சொல்லியிருந்தார். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கூரை 4, வெறும் இரும்புக் கூடு மட்டும் வாங்கி உள்வேலையை அவரே செய்கிறார். கூட்டைச் சொல்வதற்கு முன் கார் நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் முழு அளவில் படகை வரைந்து, ஒரு வாரம் அதற்குள் நடந்து பார்த்தாராம். மகள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். நம்ம ஊரிலும் கால்வாய் இருந்தது, 1860இல் திருவனந்தபுரத்தையும் குமரியையும் சேர்க்க வெட்ட ஆரம்பித்த அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இன்று பல இடத்தில் அது சாக்கடை. சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

மணலில் வரையுங்கள், உப்பு மூட்டை ஏற்றுங்கள்

எனக்குக் கார் நிறுத்தும் இடம் இல்லை, கடற்கரை இருக்கிறது. ஈர மணலில் கயிறு போட்டு 18 அடிக்கு ஒரு கோடு, 20 அடிக்கு ஒன்று, 22க்கு ஒன்று வரைந்தேன். மச்சானைக் கூப்பிட்டு அமரத்தில் உட்காரவைத்தேன். நிஜ வலையைக் கொண்டுவந்து நடுவில் போட்டோம். எஞ்சின் இருக்கும் இடத்தில் ஒரு தடி நட்டு, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று வலை இழுப்பதுபோல் இழுத்துப் பார்த்தோம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கப்படாதீர்கள். 22 அடியில் எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சே எட்டவில்லை. 18 அடி போதும் என்று அங்கேதான் முடிவானது. அகலத்தை 4 அடி என்றுதான் முதலில் வைத்திருந்தேன். இரண்டு பேர் ஒரே பக்கம் நின்றால் ஒல்லி வள்ளம் சாயும். அதனால் 4 அங்குலம் கூட்டினோம். அதற்கு மேல் அகலம் போனால் பலகை கூடும், எடை ஏறும்.

எடைதான் முக்கியம். இதை ஊகத்தில் விடாதீர்கள். பக்கத்து வீட்டில் கிடந்த பழைய சின்ன வள்ளத்தை மினி லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினோம். லாரியோடு ஒரு எடை, லாரி மட்டும் ஒரு எடை, கழித்தால் வள்ளம் 140 கிலோ. அதைக் கரைக்குக் கொண்டுவந்து, உருளைக் குழாய்கள் போட்டு, நானும் மச்சானும் மேடு ஏற்றினோம். பிறகு 50 கிலோ உப்பு மூட்டை ஒன்று வைத்தோம், ஏறியது. இரண்டாவதையும் வைத்தோம். அணியத்தைத் தூக்கி ஒரு வெட்டு, அமரத்தைத் தூக்கி ஒரு வெட்டு என்று மூச்சு வாங்கி வாங்கி ஏறியது. மூன்றாவது மூட்டைக்கு மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஆக எங்கள் இருவருக்கும் எல்லை 240 கிலோ. அதில் எஞ்சினுக்கு 40, வலைக்கும் எண்ணெய்க்கும் 30 போனால் வெறும் வள்ளத்துக்கு 170 கிலோ. பட்டறைக்குப் போய் நான் முதலில் சொன்ன எண் இதுதான், நீளம் இல்லை. ஆசாரி தலையைச் சொறிந்தார். "எடை சொல்லி வள்ளம் கேட்டது நீங்க ஒருத்தர்தான் அண்ணே."

அச்சா, பலகையா

ஃபைபர் பட்டறைகள் அச்சு வைத்திருக்கின்றன. அச்சின் அளவுதான் வள்ளத்தின் அளவு. பின்னால் தடுப்புப் பலகை வைத்து நீளத்தைக் குறைத்துத் தருவார்கள், அகலத்தைக் குறைக்க முடியாது. ஒரே ஒரு வள்ளத்துக்குப் புது அச்சு செய்தால் அச்சின் செலவும் நம் தலையில். உங்கள் அளவுக்கு ஒத்த அச்சு ஏற்கெனவே இருந்தால் தாராளமாக அச்சில் செய்யுங்கள், மலிவு, வேகம். ஒன்று மட்டும்: ஃபைபரை இறுக்கும் பிசினில், கடல் தண்ணீருக்கு ஐசோ ரெசின் போடச் சொல்லுங்கள், சாதா ரெசின் வேண்டாம். சொன்னதைத்தான் போடுகிறார்களா என்று டின்னைப் பாருங்கள்.

எனக்கு ஒத்த அச்சு கிடைக்கவில்லை. அதனால் 1987க்கே திரும்பினேன். பிளைவுட்டைத் தைத்து, மேலே ஃபைபர் போர்த்துவது. இந்த முறைக்கு அச்சு வேண்டாம், எந்த அளவும் செய்யலாம், எடையும் குறையும். விளிம்பில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாடு. அந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே ஒரு வள்ளத்தை விலையாகக் கொடுத்தாயிற்று.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள், அதுதான் மரைன் பிளைவுட். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி வந்து கொதிக்கும் தண்ணீரில் அரை நாள் போட்டேன். அரிசிப் பானையை எடுத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் பலகை ஏடு பிரியவில்லை. முதல் கடைத் துண்டு இரண்டு மணி நேரத்தில் புத்தகம் மாதிரி விரிந்தது. எனக்கு ஆனது: 6 மில்லிமீட்டரில் 4 தாள், 9 மில்லிமீட்டரில் 3, அமரத்துக்கு 18இல் ஒன்று. அடிக்கு 9, பக்கத்துக்கு 6. அமரத்துப் பலகை 18ஐ இரண்டாக ஒட்டி 36.

வேலை நடக்கும்போது போய் நில்லுங்கள்

தாள் 8 அடிதான் வரும், வள்ளம் 18 அடி. எனவே ஒட்ட வேண்டும். இரண்டு முனையையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டச் சொல்லுங்கள். சரிவு, பலகை கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளம் வேண்டும். 9 மில்லிமீட்டருக்கு 72. அவசரத்தில் குறைப்பார்கள். ஸ்கேல் எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஓரம் முழுக்க ஆறங்குலத்துக்கு ஒரு துளை, செம்புக் கம்பி, முறுக்கு. பலகை வளைந்து எழும்பி வள்ளமாக ஆவதைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. காலையில் தரையில் கிடந்த தட்டைப் பலகை மத்தியானம் அணியம் உயர்த்தி நிற்கும்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு சண்டை வந்தது. கம்பி முறுக்கி முடித்ததும், ஒட்டுவதற்கு முன்னால், வள்ளம் கோணுகிறதா என்று பார்த்தாக வேண்டும். நேரான ரீப்பர் சட்டம் இரண்டு எடுத்து ஒன்றை அணியத்துக்குப் பக்கத்தில் குறுக்கே வையுங்கள், மற்றதை அமரத்தில் வையுங்கள். பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றை ஒத்துப் பாருங்கள். கடலில் மருந்துவாழ் மலையையும் கோயிலையும் ஒத்து இடம் பிடிக்கிறவனுக்கு இது பழகிய வேலை. முன் ரீப்பரின் இடது முனை முக்கால் அங்குலம் தூக்கி நின்றது. "தண்ணியில எறங்குனா சரியாயிரும் அண்ணே" என்றார் ஆசாரி. ஆகாது. கோணலோடு ஒட்டினால் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும், எஞ்சின் கைப்பிடியை அமுக்கிப் பிடித்துத் தோள்பட்டை போகும். இடது பக்கம் பதினேழு கம்பியைத் தளர்த்தி, எதிர்மூலைக்கு ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்குள் குச்சி விட்டு முறுக்கி இழுத்தோம். முக்கால் அரையானது, அரை காலானது, கடைசியில் இரண்டு ரீப்பரும் ஒரே கோடாகப் படிந்தன. ஆசாரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பக்கத்தில் கிடந்த இன்னொருத்தர் வள்ளத்துக்கும் அவரே ரீப்பர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்மூட்டுக்கு எபாக்ஸிப் பசையில் மரத்தூள் குழைத்துப் பூச வேண்டும். புட்டு மாவைவிட இளக்கம், சட்னியைவிடக் கெட்டி. அதை வழிக்க எங்கள் ஆசாரி வைத்திருந்தது ஒரு சிரட்டைத் துண்டு, விளிம்பை உருட்டித் தேய்த்தது. ஒரே இழுப்பில் மூட்டு முழுக்க ஒரே வளைவாக வந்தது. அது இறுகியதும் கம்பியை வெட்டி, வெளிமூலையை உருட்டி, கண்ணாடித் துணிப் பட்டை ஒட்டி, அதன்மேல் முழுப் போர்வை. இங்கே இரண்டு விஷயம். பலகைமேல் பாலியெஸ்டர் ரெசினுக்குப் பிடிமானம் குறைவு, எபாக்ஸிதான் வேண்டும், விலை கூடினாலும். எபாக்ஸிக்கு நெய்த துணி போடுங்கள். அச்சுப் பட்டறையில் கிடக்கும் நூல்தூவிய மேட் வேண்டாம், அந்த மேட்டில் இருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். தண்ணீர் விட்டுக் கழுவித்தான் மேலே தேய்க்கவோ பூசவோ வேண்டும். வெயிலில் எபாக்ஸி கெடும், அதனால் பெயின்ட் அழகுக்கு இல்லை, கூரை.

விளிம்பு. எங்கே வெட்டினாலும், எங்கே துளை போட்டாலும், அந்த வாயில் மூன்று கை எபாக்ஸி. அமரத்தில் எஞ்சின் திருகுகிற இடம், தண்ணீர் விடும் தக்கை ஓட்டை, கயிறு கட்டும் வளையம். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் முழுக்க அடைத்து, அது இறுகியபின் அதற்குள் சின்னத் துளை போடச் சொன்னேன். அப்போதுதான் திருகாணி பலகையைத் தொடாது. இதை நான் இல்லாத நாளில் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

பெயின்டுக்கு முன்னால் ஒரு ரூபாய்த் துட்டால் முழு வள்ளத்தையும் தட்டுங்கள். டங் டங் என்று வந்தால் துணி பிடித்திருக்கிறது. டொக் என்றால் உள்ளே காற்று. பென்சிலால் வட்டம் போடுங்கள். எனக்கு நாலு வட்டம் வந்தது, நாலையும் வெட்டி மறுபடி ஒட்டினார்கள். பெயின்ட் அடித்தபின் தட்டினால் வட்டம் போட மனசு வராது.

அடியில் ஏரா நெடுக, அதாவது அடியின் நடுக்கோடு முழுக்க, இரண்டு சுற்று துணி கூட வையுங்கள். கடலில் தேய்வதைவிட மணலில்தான் வள்ளம் தேயும்.

மிதப்புக்கு ஃபோம் அடைக்கவில்லை, நாலு வாளித் தண்ணீர் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அணியத்திலும் அமரத்திலும் மூடியுள்ள பெட்டி, அதற்குள் வாய் இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் பத்து. ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். ஆக 200 கிலோ. எஞ்சினுக்கும் நங்கூரத்துக்கும் மற்ற இரும்புக்கும் போதும், பலகை தானாகவே மிதக்கும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து கேனை எடுத்து ஆட்டிப் பார்க்கலாம், ஃபோமை ஆட்டிப் பார்க்க முடியாது. 2017 ஓகிப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மிதப்பில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எஞ்சின் ஏற்கெனவே இருந்தால் அதன் தண்டு நீளத்தை அளந்து ஆசாரியிடம் கொடுங்கள். குட்டைத் தண்டுக்கு அமரத்து உயரம் 15 அங்குலம், நெட்டைக்கு 20. விசிறிக்கு மேலே உள்ள தட்டு வள்ளத்தின் அடிக்குச் சமமாக வர வேண்டும். அமரம் செய்து முடித்தபின் வெட்டிக் குறைத்தால் மறுபடி அதே விளிம்புப் பிரச்சினை.

காலம், காசு, காகிதம்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்துக்குத் தடை இல்லை என்றாலும் அந்த மாதங்களில் விசைப்படகுப் பராமரிப்பு வேலைக்கு ஆசாரிமார் போய்விடுவார்கள். ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. ஈரக் காற்றில் ரெசின் வேலை வேண்டாம். மிஞ்சுவது ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை. எனவே நவம்பரிலேயே பேசி, பிளைவுட் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸும் ஊர்த் திருவிழாவும் முடியும்வரை யாரும் உளியைத் தொட மாட்டார்கள், அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒன்று பலகை வெட்டும்போது, ஒன்று துட்டால் தட்டிப் பார்த்தபின், மிச்சம் கடலில் இறக்கித் தக்கைக்குப் பக்கத்தில் ஈரம் இல்லை என்று தெரிந்தபின். அளவு, எடை, பலகை கனம், எபாக்ஸி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பழகிய ஆசாரிதான், இருந்தாலும் எழுதினோம். பழக்கம் கெடாமல் இருக்கத்தான் தாள்.

பட்டறை ரசீதும் எஞ்சின் பில்லும் பத்திரம். மீன்துறையில் பதிவு செய்யும்போது கேட்பார்கள். வள்ளம் செய்ய ஆரம்பிக்கும்முன்பே அலுவலகத்தில் போய், என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இறக்கிய நாள் பங்குத்தந்தை வந்து தண்ணீர் தெளித்தார். அதற்கு முந்தின நாளே எடைமேடைக்குக் கொண்டுபோய்விட்டேன். 178 கிலோ. எட்டுக் கிலோ கூட. பெயின்டிலும் எபாக்ஸியிலும் வந்ததாக இருக்கும். கழற்றி இறக்கக்கூடிய பொருளாகப் பார்த்து ஈடுகட்டினோம்: எஞ்சினைக் கரையில் தனியாகக் கழற்றிச் சுமப்பது என்று முடிவு செய்தோம். மணலில் வரைந்ததில் ஒரு தப்பும் இருந்தது. மச்சானின் பலகை இரண்டு அங்குலம் முன்னால் வந்துவிட்டது, அலையில் குலுங்கும்போது முட்டு இடிக்கிறது. மணல் குலுங்காதே, எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பலகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டோம்.

இப்போது மணல் மூடிப் பொழி அடைத்துக் கிடக்கும் மாதங்களில் கடல்பக்கமாக இறக்குகிறோம், திறந்திருந்தால் காயல்வழி போகிறோம். காலிவள்ளத்தை இரண்டு பேர் சுலபமாக ஏற்றிவிடுகிறோம். ஈர வலை உள்ளே இருந்தால்தான் மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது. உப்பு மூட்டைக் கணக்கில் நான் காய்ந்த வலையைத்தான் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு கை கொடுப்பான். அதனால் ஏழரைக்குள் கரை பிடிக்கப் பார்க்கிறோம். எட்டைத் தாண்டினால் வலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும்.